பதிமூன்று பல் பூண்டு

வெடிக்காரர் வீட்டுச் சமையலில் பூண்டு அதிகம் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். அவரே நாலு பேர் முன்னால் அலுத்துக்கொள்வார். "எங்க வீட்ல குழம்புல பூண்டு போடுறதில்ல, பூண்டுல கொஞ்சம் குழம்பு ஊத்துறாங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்துக்குக்கூடப் பூண்டு இருக்காது. அது ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. புருஷனே யோசிக்காதபோது தெருவுக்கு என்ன வந்தது?

தெரு முடிகிற இடத்தில் கல்குவாரி. ஞாயிறு தவிர தினமும் பகல் பன்னிரண்டரைக்கு அங்கே வெடி. அதற்கு முன்னால் மூன்று முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு ஆட்கள் பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிட வேண்டும். இரண்டாவது சங்குக்குச் சாலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நிற்கும். மூன்றாவது ஊதினால் வெடிக்காரர் திரிகளுக்கு நெருப்பு வைக்கப் போகிறார் என்று அர்த்தம். தெருவும் தன் பங்குக்குத் தயாராகும். பக்கத்து வீட்டுத் தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசியை மேலே தூக்கி வைப்பாள். டீக்கடைக்காரர் கிளாஸ் அடுக்கிய பலகையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்பார். தொட்டில் பிள்ளைகளின் காதை யாராவது பொத்துவார்கள். வெடித்து முடிந்ததும் அவரவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள். புதிதாக வந்த விருந்தாளி ஒருவர் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

வெடிகள் ஒன்றாக வெடிக்காது. பாறையில் போட்ட ஒவ்வொரு குழிக்கும் தனித் திரி. ஒன்றன்பின் ஒன்றாக, சில நொடி இடைவெளியில் வெடிக்கும். குழி எத்தனையோ சத்தமும் அத்தனை கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தக் குழிக்குள் மருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மறுநாள் தெரியாமல் எவனாவது அங்கே துளை போடும் இரும்பை இறக்கினால் அவன் கதை முடிந்தது. அதனால் மறைப்புச் சுவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் வெடிக்காரர் விரல் விட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான், ஆபத்து நீங்கியது என்ற கடைசிச் சங்கை ஊதச் சொல்வார். அந்த எண்ணிக்கைதான் அவருடைய கௌரவம்.

அவருடைய பெண்டாட்டியும் எண்ணுவாள். பன்னிரண்டரைக்குள் ஒரு தட்டில் பூண்டை உரித்து வைத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலோரம் உட்காருவாள். ஒரு சத்தத்துக்கு ஒரு பல்லை எடுத்துக் கிண்ணத்தில் போடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் பயத்தில் ஆரம்பித்த பழக்கம், இருபத்தாறு வருடமாக விடவில்லை. அவர் சாப்பிட வந்ததும், "இன்னிக்கு எத்தனை குழி?" என்று மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்பாள். அவர் சொல்லும் எண்ணும் கிண்ணத்தில் இருக்கும் பூண்டும் ஒத்துப்போனால் அவளுக்கு அன்றைய நாள் முடிந்தது. பூண்டு மாலைச் சமையலுக்குப் போகும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தொழில் தெரிந்த மனுஷன் எண்ணுவதற்கு மேல் இவள் எண்ணுவது, அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் அல்லவா.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பதினாலு குழி என்றார். கிண்ணத்தில் பதிமூன்று பல் இருந்தது.

வெடி நேரத்தில் தையல்காரி வந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்ட துக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கொட்டித் தீர்த்தாள். அந்தப் பேச்சில் ஒரு சத்தத்தை விட்டிருப்போம் என்று இவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கணக்கை நேராக்குவதற்காக இன்னொரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். போடும்போதே மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டாள்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது தரை உதறியது. அடியில் ஏதோ பெரிய வண்டி போகிற மாதிரி ஓர் உறுமல், அதைத் தொடர்ந்து படபடவென்று ஒரு குலுக்கல். வாளித் தண்ணீர் இரண்டு பக்கமும் மோதித் தளும்பியது. அடுப்படியில் மூடிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து உருண்டன. ஐந்து நொடிகூட இருக்காது. சங்கு ஊதவில்லை. பதினாலாவது குழி என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்துத் தம்பியை நினைத்தாள். அவளுடைய உடன்பிறந்த தம்பிதான் அந்தக் குவாரியில் துளை போடுகிறவன். ஈரக் கையோடு, பிழிந்த துணியை எங்கே போட்டோம் என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

தெருவே வெளியில் நின்றது. யாருக்கும் சந்தேகம் இல்லை. நாள் தவறாமல் அதிர்கிற தெரு அது. அதிர்ந்தால் குவாரி, குவாரி என்றால் வெடிக்காரர். அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சங்கு ஊதாமல் எப்படி வெடிக்கலாம், பிள்ளைகள் ரோட்டில் இருந்திருந்தால் என்ன ஆவது என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஒடிந்த ஊசியைக் கையிலேயே எடுத்து வந்திருந்தாள் தையல்காரி. டீக்கடைக்காரரின் கிளாஸ்களில் பாதி சுக்கல். கூட்டமாகக் குவாரி வாசலுக்குப் போனார்கள். வெடிக்காரரின் பெண்டாட்டி எல்லாருக்கும் முன்னால் போனாள்.

வாசலில் நின்று பார்த்தால் பள்ளத்தின் அடி தெரியும். அங்கே தம்பி துளை மிஷினைப் பிடித்தபடி உடம்பெல்லாம் அதிர வேலை செய்துகொண்டிருந்தான். உலகத்தில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மருந்து அறையைப் பூட்டிவிட்டு வெடிக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். கூட்டம் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"நான் இன்னிக்கு நெருப்பே வைக்கல."

"நீங்க வைக்கலைன்னா வேற யாரு வச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். "நேத்து வச்சது ஏதாவது உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சோ என்னவோ."

அந்த வார்த்தைதான் அவரைச் சுட்டுவிட்டது. "நேத்து வச்சது பதினாலு. கேட்டது பதினாலு. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை என் எண்ணிக்கை தப்பியிருக்கா? தப்பியிருக்குன்னு சொல்றவங்க முன்னால வாங்க. இந்தச் சாவியை இப்பவே மேனேஜர்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுறேன்."

யாரும் முன்னால் வரவில்லை. அவர் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். வெடித்தது பதினாலாவதாகவே இருக்கட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தொலைந்தது என்று மனதுக்குள் நினைத்தாள். அவருக்குக் கெட்ட பேர் வரும். வந்தால் வரட்டும், ஆள் இருக்கிறார், தம்பி இருக்கிறான்.

அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது, வெளியூரில் வேலை பார்க்கும் மகள்.

"அம்மா, நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அங்க நிலநடுக்கமாமே. செய்தியில ஓடுது."

"நிலநடுக்கமா? இங்க உங்கப்பாவை எல்லாரும் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்பாவை எதுக்குத் திட்டுறாங்க? மூணு புள்ளி எட்டாம். சின்னதுதான். ஆனா ரொம்ப மேலயே வந்திருக்கு, பூமிக்குள்ள நாலு கிலோமீட்டர்தான் ஆழமாம். அதனால உங்களுக்கு நல்லா குலுக்கியிருக்கும், கொஞ்சம் தள்ளி இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. போனை ஸ்பீக்கர்ல போடும்மா."

போட்டாள். கூட்டம் கேட்டது. கேட்டுவிட்டு, சொந்த ஊரில் பூகம்பம் வந்ததை இன்னொரு ஊரிலிருந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் வெடிக்காரரின் கையைப் பிடித்து, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பாறை எங்கேயாவது இளகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு வெடி இல்லை. ஆனாலும் தெரு திருவிழாக் கணக்காக இருந்தது. நல்ல வெயில், லேசான காற்று, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வயதான இரண்டு சுவர்களில் விரிசல், கிளாஸ்கள், ஓர் ஊசி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சேதம். ஆனால் பேச்சைக் கேட்டால் பாதி ஊர் போய்விட்ட மாதிரி இருந்தது. நாலு வருடமாக ஆடிக்கொண்டிருந்த டீக்கடை பெஞ்சுக்கால் பூகம்பத்தில் ஆட ஆரம்பித்தது. தையல்காரி வீட்டுக் கூரை ஒழுகலும் பூகம்பத்தின் கணக்கிலேயே ஏறியது. போன மழைக்கு அவள் சட்டி வைத்துப் பிடித்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள், ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. ஆளுக்கொன்று கிடைக்கும்போது அவளுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்? பக்கத்து ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம் என்பதில் எல்லாருக்கும் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தத் தெருவில் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தவர் வெடிக்காரர்தான். பூகம்பத்துக்காக இத்தனை மகிழ்ந்த மனிதர் வேறு எங்கேயும் இருந்திருக்க மாட்டார். இரண்டு டீ குடித்தார், ஆறு பேருக்கு வாங்கிக் கொடுத்தார். பதினாலு வைத்துப் பதினாலு கேட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் பெண்டாட்டி மனதுக்குள் பதிமூன்று என்று திருத்திக்கொண்டாள். வந்தது பூகம்பம் என்றால், பதினாலாவது குழி வெடிக்கவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு மணிக்கு அவரும் தம்பியும் சாப்பிட வந்தார்கள். சோறும் பருப்பும், வேகவைத்த முட்டையும் வைத்தாள். தம்பியை அவர் கிண்டலடித்துத் தீர்த்தார். ஊரே குலுங்கியது, இவனுக்கு மட்டும் தெரியவில்லை என்றார்.

"எனக்கு தினமும் பூகம்பம்தான் மாமா" என்றான் தம்பி. டீ கிளாஸைப் பிடித்தாலும் அவன் கை லேசாக நடுங்கும், தொழில் கொடுத்தது. "நான் மிஷினை நிறுத்தினா உலகம் அசையாம நிக்குதேன்னு தலை சுத்தும். ஆனா என்னையும் சும்மா விடல அந்தப் பூகம்பம். கம்ப்ரசர் கொட்டகைக் கூரைத் தகரம் நல்லா நசுங்கிக் கிடக்கு. இப்பதான் பார்த்தேன்."

"அது என்ன, உனக்கும் ஒரு பங்கா?" என்று அவர் சிரித்தார்.

"ரெண்டு மணிக்கு, மேல் படியில குழி போடச் சொல்லியிருக்காரு மேனேஜர். காலையிலயே ஏறியிருப்பேன். பத்தரைக்கு மிஷினை மேல தூக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க எல்லாரும் வந்து வாசல்ல கூட்டம் போட்டுட்டீங்க."

"மேல் படின்னா எங்க?" என்று அவன் அக்கா கேட்டாள்.

"நேத்து மாமா வெடிச்ச வரிசை இருக்குல்ல, அதை ஒட்டித்தான்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த மனுஷன் முகத்தில் இத்தனை சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அதைக் கெடுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. தம்பி இரண்டாவது முட்டைக்குக் கை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"அவன் அங்க போக வேண்டாங்க."

"ஏன்?"

"நேத்து பதிமூணுதான் வெடிச்சுது."

வெடிக்காரர் முதலில் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியதும் சிரிப்பு நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டை, கிண்ணத்தை, இருபத்தாறு வருடப் பூண்டை, தையல்காரி வந்ததை, கணக்குக்காக இன்னொரு பல்லை உரித்துப் போட்டதை. தம்பி வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை.

"இத்தனை வருஷமா என்னை வேவு பார்த்திருக்க" என்றார் அவர்.

"வேவு இல்லீங்க."

"வேற என்ன?"

"கடைசிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசிரு கையில இருக்கும். சும்மா உட்கார முடியாது. அதனால எண்ணினேன்."

அவர் தட்டிலேயே கையை உதறினார். தெருவே கேட்கப் பதினாலு என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒருத்தி வாய் ஓயாமல் பேச, எண்ணினாளாம். அவர் மலைக்கு அடியில் உட்கார்ந்து எண்ணியது தப்பாம். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் எழுந்து போகவில்லை. குரலை இறக்கி ஒன்று கேட்டார்.

"நடுவுல எங்கயாவது இடைவெளி அதிகமா இருந்துச்சா?"

"ஒம்போதாவது முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. முடிஞ்சிடுச்சோன்னு தட்டைக்கூட எடுக்கப் போனேன். அப்புறம்தான் மத்தது வந்துச்சு."

"இல்லையே. ஒம்போதுக்கு அப்புறம் ஒண்ணு கேட்டுச்சே. டமார்னு. கொஞ்சம் வேற மாதிரி, ஆனா..."

அவர் நிறுத்தினார். மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்தத் தகரம் எப்படி நசுங்கியிருக்கு?"

"நடுவுல, குழியா. ஒரு பெரிய கல்லு விழுந்த மாதிரி..." தம்பியும் நிறுத்தினான்.

ஒன்பதாவது வெடி எறிந்த கல் கொட்டகைத் தகரத்தில் விழுந்த சத்தம்தான் அது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தகரம் அங்கே இருக்கிறது. ஒருநாளும் அதன்மேல் கல் விழுந்ததில்லை. விழுந்த அன்று, அவர் அதையும் ஒரு விரலாக மடக்கிவிட்டார்.

வெடிக்காரர் கை கழுவினார். செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, "நீயும் வா" என்றார். அவளைத்தான்.

குவாரிக்குள் அவளை விடமாட்டார்கள். வாசலில் நின்றாள். அவர் மேனேஜரிடம் போய்ப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். வாய் அசைந்த விதத்திலேயே தெரிந்தது, மழுப்பவில்லை, நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்றுதான் சொல்கிறார். பிறகு தனியாக மேல் படிக்கு ஏறினார். உடைந்த கல்லை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்து, இடுப்பிலிருந்த சிவப்புத் துணியை அந்த இடத்தில் ஒரு குச்சியில் கட்டி நட்டார். பத்தாவது குழி. எகிறிய ஏதோ ஒரு கல் திரியை அறுத்துவிட்டிருந்தது. மருந்து உள்ளே அப்படியே இருந்தது.

வெடிக்காத குழியைத் தோண்டி எடுக்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில், ஒன்றரை அடி தள்ளி, இன்னொரு குழி போட்டு வெடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். தம்பிதான் துளை போட்டான். மிஷின் ஒரு விரல் அகலம்கூடச் சாயாமல் இருக்க, வெடிக்காரர் பக்கத்திலேயே நின்று இரும்பின்மேல் கண்ணை வைத்திருந்தார். அவர் அப்படி நின்றதே தம்பிக்குப் போதுமாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சங்கு மூன்று முறை ஊதியது. நேரம் கெட்ட நேரத்தில் ஊதியதால் தெரு குழம்பியது. அவள் அதற்குள் வீட்டுக்கு வந்து தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே சத்தம். பெரிய சத்தம், இரண்டும் ஒன்றாக. அவள் இரண்டு பல்லை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். வெளியே டீக்கடையில், பூகம்பம், மறுபடியும் பூகம்பம் என்று கத்திக்கொண்டு நாலு பேர் ரோட்டுக்கு ஓடினார்கள். இருபது வருடமாக வெடிச்சத்தத்தில் டீ குடித்தவர்கள்தான்.

அன்று மாலைச் சமையலில் இரண்டே பல் பூண்டு. அவர் சாப்பிட்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. தட்டில் ஒதுங்கிய ஒரு பல்லை விரலால் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு எடுத்துத் தின்றார். தான் தப்பாக எண்ணியதையும் பெண்டாட்டி சரியாக எண்ணியதையும் அவரே டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதைக் கேட்டுவிட்டுத் தையல்காரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். தான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தும் இவள் எப்படி எண்ணினாள் என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

காலையில் அவர் வழக்கம்போல் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர் நின்றார். இருபத்தாறு வருடத்தில் குழிக்கணக்கைச் சாப்பிட வரும்போதுதான் சொல்வார், அதுவும் அவள் கேட்டால்தான்.

"இன்னிக்குப் பன்னெண்டு குழி" என்றார், திரும்பிப் பார்க்காமல். "சரியா எண்ணி உரிச்சு வை. வெடிச்சதும் ஒரு போன் போடு. நீ சொன்ன பிறகுதான் கடைசிச் சங்கை ஊதச் சொல்லப் போறேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்து கூடையைப் பார்த்தால் ஒன்பது பல்தான் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போய் மூன்று பல் கடன் கேட்டாள்.

"பத்தாதாக்கா? இந்தா, முழுப் பூண்டாவே எடுத்துக்கோ" என்றாள் தையல்காரி.

"வேண்டாம், மூணு போதும்" என்று எண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள்.